இருபத்து மூன்றாவது குண்டு

சவுத்தால் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் இரண்டு எழுத்தில் இருக்கிறது. ஒன்று ஆங்கிலம், மற்றது குர்முகி. ஆங்கிலத்தில் உள்ளதை வெளியூர்க்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘சவுத் ஹால்’ என்றுகூட வந்துவிடும். குர்முகியில் உள்ளதோ இங்கே வாழ்கிறவர்கள் வாயில் எப்படி ஒலிக்கிறதோ அப்படி. ஒரு பெயரை இன்னோர் எழுத்துக்குக் கொண்டுபோகும்போது எதை விடலாம், எதை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

போன குளிர்காலம் முழுக்க நானும் இதே கேள்வியோடுதான் இருந்தேன். ஆனால் என் முன்னால் இருந்தது பெயர்ப்பலகை இல்லை, பழைய வீடியோ கேம் பெட்டிகள். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற ஒரே விளையாட்டின் பல வடிவங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஒன்றை ஆடி முடித்து அடுத்ததற்குப் போய், திரும்பவும் முதலாவதற்கு வந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டை அது பிறந்த எந்திரத்திலிருந்து வேறோர் எந்திரத்துக்கு எடுத்துச் செல்வதை இத்துறையில் ‘போர்ட்’ செய்வது என்பார்கள். பிரிட்டிஷ் கணினிப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் அதை ‘கன்வர்ஷன்’ என்று எழுதின. தமிழில் இதற்கு நமக்கு ஒரு பழைய சட்டகமே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. பின்னால் வந்த நன்னூல் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொல்கிறது: வழிநூல் வேறுபாடுகள் செய்துகொள்ளலாம், ஆனால் முடிபில் முதல்நூலோடு ஒத்திருக்க வேண்டும்.

ஒரு விளையாட்டின் முடிபு எது? படங்களின் எண்ணிக்கையா, நிறமா, சத்தமா, ஆடுகிறவரின் விரலில் ஏறும் பதற்றமா? போர்ட்டுகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்றை எண்ணிக் கணக்குச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் துணிபு.

எங்கள் எதிர்வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். 1984இல் லண்டன் வந்தவர். பகலில் படிப்பு, மாலையில் ஒரு மீன் வறுவல் கடையில் உருளைக்கிழங்கு வெட்டும் வேலை. அந்தக் கடை மூலையில் ஒரு பழைய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மேசை நின்றதாம். மேசையில் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இதில எது அசல்?”

மேசையில் அசல் எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அசல் 1978இல் டோக்கியோவில் பிறந்தது. டைட்டோ நிறுவனத்தின் நிஷிகாடோ டொமோஹிரோ அதை ஏறக்குறைய தனியாளாகச் செய்தார். கதை வடிவமைப்பு, படம், நிரல், மின்சுற்று எல்லாம் அவரே. அதன் மூளை 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்டெல் 8080. திரை கறுப்பு வெள்ளை. 224 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். தொலைக்காட்சிக் குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தியதால் அகலத்தைவிட உயரம் கூடுதல். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால் முழுத் திரைக்கும் 7,168 பைட். அந்த நினைவகத்தில் 8080 தன் கையாலேயே ஒவ்வொரு படத்தையும் எழுதி அழிக்க வேண்டும். உருவங்களைத் தானாக நகர்த்தித் தரும் ஸ்ப்ரைட் சுற்று எதுவும் அதில் கிடையாது.

வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுலகப் பிராணிகள். ஆடுகிறவர் கீழே கேடயச் சுவர்களுக்குப் பின்னால் நின்று அவற்றைச் சுட வேண்டும். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. 55ஐயும் ஒரே நேரத்தில் நகர்த்த 8080க்கு வலு போதாது. ஒரு முறைக்கு ஒரு பிராணி என்று நகர்த்தியது நிரல். அதனால் முழுப் படை ஓரடி எடுத்து வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. சுட்டு வீழ்த்த வீழ்த்த நகர்த்த வேண்டிய தலைகள் குறைகின்றன. 30 மிஞ்சினால் அரை நொடிக்கு ஓரடி. ஒன்று மட்டும் மிஞ்சினால் நொடிக்கு 60 அடி! வெற்றியை நெருங்க நெருங்க எதிரி வெறிகொண்டு ஓடுகிறான். எந்திரத்தின் இயலாமையில் பிறந்த இந்த வேகத்தை நிஷிகாடோ கவனித்தார், விளையாட்டுக்கு இது நல்லது என்று அப்படியே விட்டுவிட்டார். கூடவே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப அடித்து, படை குறையக் குறையத் தாமும் விரைகின்றன. இதயம் அடித்துக்கொள்வது போன்ற அந்த ஒலியைக் கேட்டவர் மறப்பதில்லை.

என் கணக்கில் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் முடிபு இதுதான். அசலில் அது வலுவின்மையின் விளைவு. வேறு எந்திரத்துக்குக் கொண்டுபோகிறவரோ அதை வேண்டுமென்றே படைக்க வேண்டும். போர்ட்டின் சிக்கல் முழுதும் இந்த ஒரு புள்ளியில் இருக்கிறது.

1980இல் வந்த அடாரி விசிஎஸ் பதிப்பை, பின்னாளில் அடாரி 2600 என்று அறியப்பட்ட பெட்டியின் பதிப்பை, நான் பார்த்த வழிநூல்களிலேயே துணிச்சலானது என்பேன். கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டொன்றை முறைப்படி உரிமம் பெற்று வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்ததில் இதுவே முதல். எழுதியவர் ரிக் மாரர். அவர் கையில் இருந்தது என்ன? வேலை நினைவகம் 128 பைட். நிரலுக்கு 4 கிலோபைட். அந்த 128 பைட், அசலின் திரை நினைவகத்தோடு ஒப்பிட்டால் 56இல் ஒரு பங்கு. முழுப் படத்தை எங்கும் எழுதி வைக்கவே முடியாது. தொலைக்காட்சியின் மின்கதிர் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும்போது, அந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் அந்த நொடியிலேயே ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். கதிர் முந்தினால் படம் சிதறும்.

அந்தப் பெட்டி ஒரு வரியில் இரண்டே இரண்டு ஆட்டக்காரர் உருவங்களைத்தான் வரையும். ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம். டென்னிஸ், பீரங்கிச் சண்டை போன்ற இருவர் ஆட்டங்களுக்காக வடிவமைத்த பெட்டி அது. ஆனால் ஒவ்வோர் உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று படிகளாகக் காட்டும் வசதியைச் சில்லுக்குள் வைத்திருந்தார்கள். மூன்றும் மூன்றும் ஆறு. அதனால்தான் அடாரியில் வரிசைக்கு 6 பிராணிகள். 6 வரிசை, மொத்தம் 36. கேடயச் சுவர்கள் நான்குக்குப் பதில் மூன்று. இந்த எண்களை வைத்து ‘குறைபட்ட பதிப்பு’ என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 36 ஆனாலும் கூட்டம் கூட்டமாகவே தெரிகிறது, குறையக் குறைய வேகம் ஏறுகிறது, கடைசி ஒன்றைத் துரத்தும்போது உள்ளங்கை வியர்க்கிறது. தொகுத்தல் என்று தொல்காப்பியம் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மாரர் அதோடு நிற்காமல் 112 ஆட்ட வகைகளையும் அதே 4 கிலோபைட்டுக்குள் வைத்தார்: நகரும் கேடயம், கண்ணுக்குத் தெரியாத படை, வளைந்து வரும் குண்டு, இருவர் சேர்ந்து ஆடுவது. தொகுத்துக்கொண்டே விரித்திருக்கிறார். தொகைவிரி என்ற மூன்றாம் வகையும் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அந்த கார்ட்ரிட்ஜுக்காகவே பெட்டியை வாங்கியவர்கள் ஏராளம். முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1980இல் அமெரிக்காவில் அடாரி நடத்திய நாடளாவிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டியில் வென்ற ரெபெக்கா ஹைன்மன், பிற்பாடு பிறர் விளையாட்டுகளைப் புதிய எந்திரங்களுக்கு மாற்றும் நிரலராகவே பெயரெடுத்தார். ‘டூம்’ விளையாட்டை 3டிஓ பெட்டிக்குச் சுமார் பத்து வாரத்தில் தனியாளாக மாற்றியவர் அவர். ஒரு வழிநூலை ஆடி வென்ற பிள்ளை பின்னாளில் வழிநூலாசிரியராக வளர்ந்தது.

இதற்கு நேரெதிர், அதே நிறுவனத்தின் 8-பிட் கணினிகளுக்கு ராப் ஃபுலாப் எழுதிய பதிப்பு. அடாரி 400, 800 இரண்டும் விசிஎஸ்ஸைவிடப் பல மடங்கு வலுவான எந்திரங்கள். அசலை அப்படியே கொண்டுவந்திருக்கலாம். ஃபுலாப் அதை விரும்பவில்லை. திரையின் இடப்பக்கம் ஒரு பெரிய ராக்கெட்டை நிறுத்தி, அதிலிருந்து பிராணிகள் வெளியேறி வரும்படி செய்தார். கேடயச் சுவர்களை எடுத்தே விட்டார். ஒளிந்து நின்று, எட்டிப் பார்த்து, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே சுடும் ஆட்டம் இதில் இல்லை. வலுவான எந்திரத்தில் முடிபு நழுவியது, எளிய எந்திரத்தில் அது நின்றது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடியபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஃபுலாப் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. பின்னாளில் அவர் செய்த ‘டீமன் அட்டாக்’ புகழ்பெற்றது. தன் சொந்த நூலை எழுதும் ஆசையை அவர் வழிநூலுக்குள் கொட்டிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. இங்கே வீட்டுக் கணினிகள்தான் மன்னர். உரிமம் என்ற பேச்சே முதலில் பெரிதாக எழவில்லை. கேம்பிரிட்ஜின் ஏகார்ன்சாஃப்ட் பிபிசி மைக்ரோவுக்காக 1982இல் விற்ற விளையாட்டுகளின் பெயர்களே இதைச் சொல்லும். ‘சூப்பர் இன்வேடர்ஸ்’ எதைப் பார்த்து எழுந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ‘கேலக்ஸியன்’ அங்கே ‘ஆர்கேடியன்ஸ்’ ஆனது. ‘டிஃபெண்டர்’ முதலில் அதே பெயரிலேயே வந்து, பிறகு ‘பிளானெட்டாய்டு’ என்று பெயர் மாறியது. நீல் ரெய்ன் எழுதிய அந்த பிளானெட்டாய்டை இன்று ஆடினாலும் வேகம் குறையவில்லை. அசலின் நிரல் அவர் கையில் இல்லை. கடையில் காசு போட்டு ஆடி, கண்ணால் பார்த்ததை வீட்டில் வந்து எழுதிய தலைமுறை அது. ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து அதே உருப்படியைத் தன் குரலில் பாடிப் பார்ப்பது போல.

பள்ளிகளில் கணினி வைக்க அரசு பாதி விலையை ஏற்றுக்கொண்ட திட்டத்தால் பிபிசி மைக்ரோ நாடெங்கும் வகுப்பறைகளுக்குள் போனது. இதே கணினிதான் 1984-85இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. லண்டன் பிள்ளைகளும் இந்தியப் பள்ளிகள் சிலவற்றின் பிள்ளைகளும் ஒரே விசைப்பலகையைத் தட்டிய சில ஆண்டுகள் உண்டு என்பது எனக்கு இன்னும் இனிய செய்தியாகவே இருக்கிறது.

பெரியவர்களுக்கு இந்த எந்திரங்கள் அச்சமூட்டின. 1981 மே 20இல் தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் ஃபோக்ஸ், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் முதலான மின்னணு விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். எந்திரம் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவு 94, எதிர்ப்பு 114. 20 வாக்கில் அது தோற்றது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுக் காசைக் கரைக்கிறார்கள் என்ற கவலை பொய்யல்ல. ஆனால் சவுத்தாலில் இருந்துகொண்டு அந்தத் தேதியைப் பார்க்கும்போது மனம் வேறு பக்கம் போகிறது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 3 அன்று, இந்த ஊரின் ஹாம்ப்ரோ விடுதியில் இனவெறிக் கும்பல் கூடும் இசை நிகழ்ச்சி நடந்தபோது ஆசிய இளைஞர்கள் திரண்டார்கள். கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு ஆண்டு முன்னால்தான், 1979 ஏப்ரல் 23 அன்று, தேசிய முன்னணி என்ற இனவெறிக் கட்சிக்கு எதிரான போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் இங்கே தலையில் அடிபட்டு இறந்திருந்தார். இந்த ஊரின் இளைஞர்களைத் துரத்தியது எது என்று தெரிந்துகொள்ள ஆர்கேட் மேசையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எதிர்வீட்டு அண்ணையிடம் இதைச் சொன்னேன். “கடை மூலையில நிண்டு விளையாடேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் தம்பி. பத்துப் பென்ஸுக்கு அஞ்சு நிமிசம் நிம்மதி” என்றார்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. பிரிட்டனின் தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுவது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே எழுதிய நிரலைத் திருத்தாமல் இங்கே ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும், பாட்டும் இழுபடும். பல தயாரிப்பாளர்கள் திருத்தவில்லை. சிகாகோவில் ஆடிய பிள்ளையும் சவுத்தாலில் ஆடிய பிள்ளையும் ஒரே பெயருள்ள கார்ட்ரிட்ஜை வாங்கி, இரு வேறு காலப்பிரமாணத்தில் ஆடினார்கள். பதற்றமே முடிபு என்றால் இது சின்ன வேறுபாடு ஆகாது.

1980களின் பின்பாதியில் நிலைமை தலைகீழானது. முன்பு அசலும் போர்ட்டும் வறுமையில் பங்காளிகள். இப்போது ஆர்கேட் எந்திரம் செல்வத்தில் புரண்டது. ஐரெம் நிறுவனத்தின் ‘ஆர்-டைப்’ 1987இல் வந்தபோது அதன் எந்திர உடல் கொண்ட பிராணிகளும், ஒரு கட்டம் முழுவதையும் அடைத்து நிற்கும் ராட்சதப் போர்க்கப்பலும் பார்த்தவர்களை நிறுத்தி வைத்தன. 16-பிட் செயலி, ஸ்ப்ரைட்டுக்கும் பின்னணிக்கும் தனித்தனிச் சுற்று. அதை ஸ்பெக்ட்ரம் கணினிக்குக் கொண்டுவரும் வேலை பாப் பேப் என்ற பிரிட்டிஷ் நிரலரிடம் வந்தது.

ஸ்பெக்ட்ரமின் நினைவகம் 48 கிலோபைட். திரை 256க்கு 192 புள்ளி. நிறம் புள்ளிக்குப் புள்ளி கிடையாது. 8க்கு 8 கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம். ஒரு சிவப்புக் கப்பல் நீலப் பாறைக்குப் பக்கத்தில் வந்தால் ஒன்றன் நிறம் மற்றதன்மேல் படிந்துவிடும், சாயம் போகும் சேலையைச் சேர்த்து ஊறவைத்தது போல. இதற்கு அஞ்சியே பெரும்பாலான நிரலர்கள் முழுத் திரையையும் இரண்டு நிறத்தில் முடித்துவிடுவார்கள். பேப் நிறத்தை விடவில்லை. ஆர்-டைப்பின் உயிர் அதன் உலகம் என்று அவர் கண்டுகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தின் எட்டுக் கட்டங்களையும் ஒலிநாடாவிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி ஆட வைத்தார். அந்த மாதங்களின் உழைப்பையும் இழுபறியையும் ‘இட்ஸ் பிஹைண்ட் யூ’ என்ற நூலாக எழுதி, பின்னாளில் இலவசமாகவே இணையத்தில் வைத்தார். போர்ட் வேலையை உள்ளிருந்து சொன்ன நூல்களில் அதற்கு இணை அரிது.

அந்த ஸ்பெக்ட்ரம் நிரலையே அவசரமாக எடுத்து ஆம்ஸ்ட்ராட் கணினியில் பொருத்தினார்கள். ஆம்ஸ்ட்ராடுக்கு நிற வளம் ஸ்பெக்ட்ரமைவிட மேல். இருந்தும் மங்கலான, தளர்ந்த ஒன்றே கிடைத்தது. ஸ்பெக்ட்ரமுக்காகச் செய்த சமரசங்கள் அனைத்தையும் ஆம்ஸ்ட்ராட் காரணமின்றிச் சுமந்தது. மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது மீன்குழம்பு எப்படி இன்னதென்று தெரியாத ஒன்றாகிவிடுமோ, அப்படி. அந்தக் காயம் ஆறாத ஆர்வலர்கள் சிலர் ஈஸ்டர் எக் என்ற குழுவாகச் சேர்ந்து, 2012இல் அதே ஆம்ஸ்ட்ராடுக்குப் புதிதாக ‘ஆர்-டைப் 128கே’ என்று எழுதி வெளியிட்டார்கள். ஆணை இட்டவர் யாருமில்லை, காசும் இல்லை. 24 ஆண்டு கழித்து ஒரு எந்திரத்தின் மானத்தை மீட்டார்கள்.

ஆர்-டைப்பின் மற்றப் பதிப்புகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பானின் பிசி எஞ்சின் பெட்டிக்கு வந்த 1988 பதிப்பு மொழிபெயர்ப்பு என்ற நான்காம் வகைக்கு மிக அருகில் நிற்பது. ஓர் அட்டையில் அடங்காமல், இரண்டு அட்டைகளாகப் பாதிப் பாதி விற்றார்கள். சேகா மாஸ்டர் சிஸ்டத்தில் கம்பைல் நிறுவனம் அசலில் இல்லாத ஒரு மறைவுக் கட்டத்தைச் சேர்த்தது. அது விரித்தல். லண்டனில் இயங்கிய பிட்ஸ் ஸ்டூடியோஸ் 1991இல் கேம் பாயின் 160க்கு 144 புள்ளித் திரைக்கு இறக்கியபோது எட்டுக் கட்டம் ஆறானது. கமடோர் 64 பதிப்பின் கதை விநோதமானது. ஜெர்மனியின் மான்ஃபிரட் டிரென்ஸ் ‘கடாகிஸ்’ என்று ஆர்-டைப்பைப் போலவே ஒன்றைச் செய்துவிட்டார். உரிமம் வைத்திருந்த ஆக்டிவிஷன் வழக்கென்று மிரட்டியது. முடிவில் அதிகாரபூர்வப் போர்ட்டை எழுதும் வேலையை டிரென்ஸிடமே கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாக இருக்கலாம். அவர்களில் பலர் ஆர்கேட் சுடும் விளையாட்டைச் சந்தித்தது 1990களில், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியைப் போலச் செய்த மலிவுப் பெட்டிகளில். கார்ட்ரிட்ஜுக்கு அங்கே ‘கேசட்’ என்றே பெயர். ‘1942’ அந்தக் கேசட்டுகளில் தவறாமல் இருக்கும். கேப்காமின் 1984 ஆர்கேட் ஆட்டத்தை மறு ஆண்டே ஃபாமிகாமுக்கு மாற்றியது மைக்ரானிக்ஸ். விமானங்கள் கூடினால் படம் மினுங்கும், ஆட்டம் இழுக்கும், சத்தம் ஓயாமல் கீச்சிடும். ஒப்பீட்டாளர்கள் அதைத் தோல்வியுற்ற போர்ட் என்று ஒரு வரியில் முடிப்பார்கள். தொழில்நுட்பமாக அவர்கள் சொல்வது சரியே. ஆனால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ கோடை விடுமுறையில் அதை ஆடிய பிள்ளை அசலைக் கண்டதே இல்லை. அந்தக் கீச்சொலிதான் அவளுக்கு 1942. பிற்பாடு அசலைக் காட்டினால், ‘இது அது இல்லை’ என்பாள். முதல்நூல் எது என்பது எழுதிய வரிசையில் மட்டும் தீர்வதில்லை, படித்த வரிசைக்கும் அதில் சொல் உண்டு. கம்பனைப் படித்தபின் வால்மீகியைத் திறக்கும் தமிழருக்கு இது புதிய அனுபவமாக இராது.

அசலை அப்படியே வேண்டுவோருக்கு இப்போது எமுலேட்டர் இருக்கிறது. 1997இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் திட்டம், விளையாட்டைத் திரும்ப எழுதுவதில்லை. பழைய எந்திரத்தையே மென்பொருளாக நடிக்கவைத்து, அதில் அசல் நிரலை ஓட்டுகிறது. இது வழிநூல் ஆகாது, ஏட்டைப் பெயர்த்தெழுதும் படிதான். ஆனாலும் ஏட்டில் இல்லாததைப் படியெடுக்க முடியாது. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் ஒலிகள் நிரலில் இல்லை. பலகையில் பற்றவைத்த மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து உண்டாக்கியவை அவை. எனவே மேமில் நெடுங்காலம் பதிவு செய்த ஒலித்துண்டுகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. திரையின் பச்சை, சிவப்புப் பட்டைகள் கண்ணாடித்தாள் ஒட்டியதால் வந்தவை. நின்று ஆடும் பெட்டியில் தெரிந்த நிலவின் நிலப்பரப்பு, பின்னால் வரைந்து வைத்த ஓவியம். நிரலை எவ்வளவு உண்மையாக ஓட்டினாலும் இவை தாமாக வந்துவிடா.

என் மேசையில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன கேம் பாய் கார்ட்ரிட்ஜ். 1994இல் வந்தது. கேம் பாயில் போட்டால் கையடக்கச் சாம்பல் திரையில் ஆடலாம். சூப்பர் கேம் பாய் என்ற இணைப்பின் வழியாகப் பெரிய சூப்பர் நிண்டெண்டோவில் செருகி ஆர்கேட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலோ, அந்தச் சிறிய உறையிலிருந்து பெரிய எந்திரத்துக்கான தனி நிரலே இறங்கி ஓடுகிறது. அப்படி ஒன்று உள்ளே இருப்பது பல பேருக்குத் தெரியாமலே போயிருக்கும். எழுதியவர் எழுதி வைத்தார்.

கடைசியாக, எண்ணிக்கை. அசலில் மேலே அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு கடந்து போகும். அதைச் சுட்டால் கிடைக்கும் மதிப்பெண் தற்செயல் போலத் தெரியும். உண்மையில் அது நீங்கள் இதுவரை சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 23ஆவது குண்டில் அடித்தால் 300. அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டிலும் 300. பட்டியலில் 16 மதிப்புகள் இருந்தும் நிரலில் நேர்ந்த ஒரு சின்னப் பிழையால் 15இலேயே சுற்றித் திரும்பிவிடுகிறது. ஆடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து ஊர் ஊராகக் கைமாற்றினார்கள். நிரலைப் படித்தறியாமல், விரலால் படித்தறிந்த இலக்கணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அண்ணை அடாரியின் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். முதலில் தடுமாறினார். பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார். சுட்ட குண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகவே புரிந்தது. “இருபத்தொண்டு… இருபத்திரண்டு…” தட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேடயத்துக்கு அடியில் காத்திருந்தார். வந்தது. சுட்டார். 200.

“பிழை” என்றார்.

அடாரியில் தட்டுக்கு எப்போதும் 200தான், மாரர் அதை அப்படித்தான் எழுதினார் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கணினியில் மேமைத் திறந்து அசல் நிரலை ஓட்டிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட விரல்கள். இரண்டு முறை தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் மறுபடி அந்த முணுமுணுப்பு. இருபத்திரண்டில் நிறுத்தினார். இடப்பக்கம் இருந்த பிராணிகள் கேடயத்தைத் தின்றுகொண்டு இறங்கின, அவர் அசையவில்லை. தட்டின் ஊளை கேட்டது.

“இருபத்திமூண்டு” என்று உரக்கச் சொல்லி அழுத்தினார். திரையின் உச்சியில் 300 என்று விழுந்தது.